புத்தகம் போன பள்ளியும் நூலகர் போன பள்ளிகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆஷ்பர்ன்ஹாமில் உள்ள குஷிங் அகாடமி, 2009-இல் தன் நூலகத்தின் அச்சு நூல்களில் பெரும்பகுதியை வெளியே அனுப்பியது. ஏறத்தாழ 20,000 நூல்கள். 1865-இல் நிறுவப்பட்ட தனியார் உறைவிடப் பள்ளி அது. நானூறுக்கு மேற்பட்ட மாணவர்கள் படித்தார்கள். நூல்கள் பிற பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கொடையாகப் போயின. காலியான இடத்தில் சுமார் 5 லட்சம் டாலர் செலவில் ஒரு கற்றல் மையம் எழுந்தது. சுவரில் பெரிய திரைகள், மடிக்கணினியோடு உட்காரத் தோதான மேசைகள், அமேசான், சோனி நிறுவனங்களின் 18 மின்நூல் கருவிகள். புத்தகங்களைப் பார்த்தால் தனக்குக் காலாவதியான தொழில்நுட்பம்தான் தெரிகிறது, புத்தகத்துக்கு முன்பிருந்த ஏட்டுச் சுருளைப் போல, என்று அப்போதைய தலைமை ஆசிரியர் ஜேம்ஸ் ட்ரேசி பாஸ்டன் குளோப் நாளிதழிடம் சொன்னார்.

பள்ளி நூலகர்களுக்கு நடக்கும் பயிற்சிகளில் இந்தப் பள்ளியின் பெயரை இன்றும் யாராவது எடுத்துவிடுகிறார்கள், பெரும்பாலும் எச்சரிக்கையாக. "பார்த்தீர்களா, தொழில்நுட்பம் வந்தால் நமக்கு இதுதான் கதி." நான் இந்த நிகழ்வை வேறு மாதிரி வாசிக்கிறேன். குஷிங்கில் புத்தகம்தான் போனது, நூலகர் போகவில்லை. இணையத்தில் கிடைக்கும் ஆதாரங்களுக்குள் மாணவர்களுக்கு வழிகாட்ட நூலகர் முன்னைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறார் என்பதுதான் பள்ளி நிர்வாகம் பின்னர் முன்வைத்த வாதம். அது தன் முடிவை நியாயப்படுத்தச் சொன்ன வாதம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும், நூல்களை வேண்டாம் என்று சொன்ன ஒரு பள்ளிக்கு நூலகரை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் போனது ஏன்? இந்த ஆய்வு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

விவாதம் எங்கே நின்றுபோனது

செய்தி வெளியானதும் நாடு முழுவதும் வாதப் பிரதிவாதம் கிளம்பியது. 2010 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் "பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் தேவையா?" என்று கேட்டு, ட்ரேசி உட்படப் பலரிடம் கருத்துக் கட்டுரை வாங்கி வெளியிட்டது. கேள்வியே புத்தகத்தைப் பற்றியது. பதில்களில் பெரும்பகுதியும் புத்தகத்தைப் பற்றியே இருந்தன: அச்சில் படித்தால் கவனம் நிலைக்குமா, திரையில் சிதறுமா என்று.

17 ஆண்டுகள் குஷிங்கில் நூலகராகப் பணிபுரிந்தவரும் குளோப் நாளிதழிடம் பேசியிருக்கிறார். தாளின் மணம், கையில் பிடிக்கும்போது வரும் உணர்வு, அதையெல்லாம் இழப்பது வருத்தமாக இருக்கிறது என்றார். அந்த வருத்தம் உண்மையானது, எனக்கும் உண்டு. ஆனால் பள்ளி நிர்வாகத்தின் முன் வைக்கும் வாதமாக அது நிற்காது. மாணவர்கள் ஆராய்ச்சிக்கு அச்சு நூல்களைத் தொடுவதே குறைந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு சொன்னது. இந்தப் பக்கம் தாளின் மணம். இப்படி எடை போட்டால் எது வெல்லும் என்பது எந்தப் பள்ளி நூலகருக்கும் தெரியும்.

நிர்வாகத்தின் முடிவில் இருந்த ஓட்டைகளும் அதனால் கவனிக்கப்படாமல் போயின. நானூறு பேருக்குத் தொடக்கத்தில் 18 கருவிகள் என்றால் மற்றவர்கள் நீண்ட நூல்களை எதில் படிப்பார்கள்? தங்கள் கணினியில் படித்துக்கொள்ளட்டும் என்பதுதான் திட்டம். மின்நூல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இன்னும் கனமானது. 2009 ஜூலையில் அமேசான், உரிமைச் சிக்கல் காரணமாக, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஒரு புகழ்பெற்ற நாவலின் மின்பிரதிகளை அவர்களுடைய கிண்டில் மின்நூல் கருவிகளிலிருந்தே தொலைவிலிருந்து நீக்கியிருந்தது. 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், நூலகம் வாங்கும் மின்நூலை 26 முறை இரவல் கொடுத்ததும் உரிமம் முடிந்துவிடும் என்று விதி கொண்டுவந்தது. அடுக்கில் இருக்கும் நூல் நூலகத்தின் சொத்து. மின்நூல் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தது. இந்த வேறுபாட்டை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே சொல்லக்கூடிய ஒரே ஆள் பள்ளியில் நூலகர்தான். வாங்கும் குழுவில் அவருக்கு இடம் இருந்தால்தான் அதைச் சொல்ல முடியும்.

ஹூஸ்டன்: தலைகீழான நிகழ்வு

2023-இல் டெக்சாஸ் மாநில அரசு ஹூஸ்டன் பள்ளி மாவட்டத்தின் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்தது. புதிய கண்காணிப்பாளர் மைக் மைல்ஸ், மாவட்டத்தின் 28 பள்ளிகளைத் தன் சீர்திருத்தத் திட்டத்தின் கீழ் கொண்டுவந்தபோது அங்கிருந்த நூலகர் பணியிடங்கள் நீக்கப்பட்டன. நூலக அறைகள் "குழு மையங்கள்" ஆயின. வகுப்பில் ஒழுங்கு குலைத்த மாணவர்களை அனுப்பி, திரை வழியாகப் பாடத்தைத் தொடரவைக்கும் இடமாகவும் அவை பயன்படும் என்று அறிவிக்கப்பட்டது. அடுக்குகளில் புத்தகங்கள் இருக்கும், பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் சொன்னது.

குஷிங்கில் புத்தகம் போய் நூலகர் இருந்தார். ஹூஸ்டனில் புத்தகம் இருந்து நூலகர் போனார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நூலகரின் தலையெழுத்தைத் தொழில்நுட்பம் தீர்மானிக்கிறது என்ற பேச்சு உடைகிறது. ஹூஸ்டனில் நூலகரின் இடத்துக்கு எந்தப் புதிய கருவியும் வந்து உட்காரவில்லை. நூலகர் வருடம் முழுக்கச் செய்த வேலை மாணவரின் படிப்பில் எங்கே சேர்கிறது என்பது முடிவெடுத்தவர்களின் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். வறிய குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளில் இப்படி நடந்ததை நான் அநீதி என்றே சொல்வேன். வீட்டில் புத்தகமும் வழிகாட்ட ஆளும் இல்லாத பிள்ளைக்குத்தான் பள்ளி நூலகர் மிக அவசியம்.

ஹூஸ்டன் தனி நிகழ்வும் கிடையாது. அமெரிக்கப் பள்ளிகளில் முழுநேர நூலகர் பணியிடங்கள் 2009-10 கல்வியாண்டிலிருந்து 2018-19-க்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டன. 1990-களில் கொலராடோவில் கீத் கரி லான்ஸ் குழு தொடங்கி, பல மாநிலங்களில் நடந்த ஆய்வுகள், நல்ல நூலகரும் சேகரிப்பும் உள்ள பள்ளிகளில் மாணவர் மதிப்பெண் கூடுதலாக இருப்பதைக் காட்டின. ஆனால் அவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். காரணத்தை நிறுவுவன அல்ல. நிதிக் குழுவில் இருக்கும் ஒருவர் "நல்ல பள்ளியில் நல்ல நூலகமும் இருக்கத்தானே செய்யும்?" என்று கேட்டால் அந்த வாதம் அங்கேயே நின்றுவிடும். பொதுவான ஆய்வு முடிவைவிடத் தன் பள்ளியில் தன் கையால் நடந்ததைக் காட்டுவதே நூலகருக்கு வலு.

தேடலின் நடுவில் வரும் குழப்பம்

அப்படியானால் எந்த வேலையைக் காட்டுவது? இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான பதில், பள்ளி நூலகராக இருந்து பின்னர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரான கேரல் குல்தாவின் ஆய்வில் இருக்கிறது. 1980-களில் அவர் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களை ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதும் காலம் முழுவதும் பின்தொடர்ந்தார். நாட்குறிப்பு எழுதச் சொன்னார், நேர்காணல் எடுத்தார். ஆசிரியர்கள் நினைத்ததற்கு நேர்மாறாக ஒன்று தெரிந்தது. தலைப்பைத் தேர்ந்தெடுத்ததும் மாணவர்களின் நம்பிக்கை ஏறுகிறது. தேடத் தொடங்கியதும் சரிகிறது. ஒரு நூல் ஒன்று சொல்கிறது, இன்னொன்று மாற்றிச் சொல்கிறது, எதை எடுப்பது, எதை விடுவது? குழம்புகிறார்கள், தலைப்பையே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறார்கள். இந்தக் கட்டத்தைத் தாண்டி "நான் கேட்க வேண்டிய கேள்வி இது" என்று ஒரு கோணம் பிடிபட்ட பிறகுதான் நம்பிக்கை திரும்புகிறது.

படிப்பு நடப்பது அந்த நடுக் குழப்பத்தில்தான். ஆனால் பழைய ஏற்பாட்டில் நூலகர் மாணவரைச் சந்தித்ததெல்லாம் தொடக்கத்தில் மட்டும். நூலகத்துக்கு ஒருநாள் கூட்டிவருவார்கள், அடுக்குகளைக் காட்டுவோம், தேடும் முறையைச் சொல்வோம், போய்விடுவார்கள். மாணவர் தவித்த நாட்களில் நூலகர் பக்கத்தில் இருந்ததில்லை.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தபோது அது போய் உட்கார்ந்தது இதே இடத்தில். ஒரு கேள்வியைத் தட்டினால் முரண்பாடுகளைச் சமன்செய்து, கோணத்தையும் தானே தேர்ந்து, வழவழப்பான ஒரு பக்கத்தைக் கொடுத்துவிடுகிறது. மாணவர் குழம்பவே வேண்டியதில்லை. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது. அந்த விதியை நான் மதிக்கிறேன், பட்டியலிடும் வேலையில் ஒவ்வொரு நாளும் அது பொருந்தும். ஆனால் பள்ளியில் அதற்கு ஓர் எல்லை உண்டு. புத்தகம் எங்கே இருக்கிறது என்று தேடும் நேரத்தை மிச்சப்படுத்தலாம். எதை நம்புவது, எதைக் கேட்பது என்று மாணவர் தடுமாறும் நேரத்தை மிச்சப்படுத்தினால் அவருடைய படிப்பையே எடுத்துக்கொள்கிறோம். இன்றைய பள்ளி நூலகர் நிற்க வேண்டிய இடம் இந்தத் தடுமாற்றத்தின் பக்கத்தில்.

நடைமுறையில் இதன் பொருள், ஒப்படைப்பு கொடுத்த நாளில் வகுப்புக்குப் போவதைவிட அதன் இரண்டாவது வாரத்தில் போவது. கையில் பாதி வேலையோடு இருக்கும் மாணவரிடம் "இதுவரை கிடைத்ததில் எந்த இரண்டு விஷயம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை?" என்று கேட்பது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியிருந்தால் மறைக்கச் சொல்லாமல், அது கொடுத்த பதிலை மேசைமேல் வைக்கச் சொல்லி, அதில் எந்த வாக்கியத்துக்கு ஆதாரம் இருக்கிறது என்று அவரோடு உட்கார்ந்து பார்ப்பது.

நாம் கற்றுக்கொடுத்ததே பழையதானபோது

நூலகர்களுக்குச் சங்கடமான ஒரு பகுதிக்கு வருகிறேன். இணையதளத்தை எடைபோட நாமே பல ஆண்டுகள் ஒரு கேள்விப் பட்டியலைக் கற்றுக்கொடுத்தோம். அதன் மிகப் பரவலான வடிவம் 2004-இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகத்தில் உருவானது. எப்போது எழுதியது, நம் தேவைக்குப் பொருந்துகிறதா, எழுதியவர் யார், தகவல் துல்லியமா, நோக்கம் என்ன என்று ஐந்து கேள்விகள். பள்ளிகளில் இது சுவரொட்டியாகவே தொங்கியது.

2017-இல் ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள், 25 இளங்கலை மாணவர்கள் ஆகியோரைக் கணினி முன் உட்காரவைத்துப் பார்த்தார்கள். கொடுத்த வேலைகளில் ஒன்று, குழந்தை மருத்துவர்களுக்கான இரண்டு அமைப்புகளின் தளங்களை ஒப்பிடுவது. ஒன்று 1930-இல் தொடங்கி, பல்லாயிரம் மருத்துவர்களைக் கொண்ட அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ். மற்றொன்று அதனோடு கொள்கை முரண்பட்டு 2002-இல் பிரிந்த ஒரு சிறு அமைப்பு; பெயர் ஏறக்குறைய அதேபோல ஒலிக்கும். மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிறு அமைப்பையே கூடுதல் நம்பகமானது என்றார்கள். பேராசிரியர்களில் பலரும் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் பத்துப் பேரும் சரியாகச் சொன்னார்கள், அதுவும் சீக்கிரத்தில்.

அவர்கள் செய்தது எளிமையானது. தளத்துக்குள் நுழைந்து நிதானமாகப் படிப்பதற்குப் பதில், சில நொடிகளிலேயே அதைவிட்டு வெளியேறினார்கள். புதிய டேப்கள் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். பக்கத்துக்குள்ளேயே இருந்தவர்கள் அதன் இணைய முகவரியின் முடிவையும் (.org போன்றவை), அடிக்குறிப்புகளையும், நேர்த்தியான வடிவமைப்பையும் பார்த்து ஏமாந்தார்கள். நம் ஐந்து கேள்விப் பட்டியல் மாணவரை எங்கே நிறுத்திவைக்கிறது என்று யோசித்தால் மனது கனக்கிறது. அதே பக்கத்துக்குள்தான்.

ஆனால் இதன் தொடர்ச்சியான ஆய்வில் நம்பிக்கையும் இருக்கிறது. வைன்பர்க் குழு பின்னர் அமெரிக்காவின் ஒரு பள்ளி மாவட்டத்தில், குடிமையியல் வகுப்புகளில், இந்த "பக்கவாட்டு வாசிப்பை" ஆறு பாட வேளைகளில் கற்பித்தது. ஒவ்வொன்றும் 50 நிமிடம். ஏறத்தாழ 500 மாணவர்கள் இந்த ஆய்வில் இருந்தார்கள். 2022-இல் வெளியான முடிவு, பயிற்சி பெற்ற வகுப்புகள் பெறாதவற்றைவிடத் தெளிவாக முன்னேறியதைக் காட்டியது. ஆறு வேளை! ஒரு பருவத்தில் ஒரு வகுப்பிடம் கேட்டு வாங்க முடியாத நேரமா இது? அந்தப் பாடங்களை நடத்தியவர்கள் வகுப்பாசிரியர்கள். நூலகர் தனியே ஒரு "தகவல் வகுப்பு" எடுப்பதைவிட, பாட ஆசிரியரோடு சேர்ந்து அவருடைய பாடத்துக்குள் இதைப் பின்னுவது பலிக்கும் என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இல்லாத கட்டுரையைத் தேடி வருபவர்

2023 ஜூனில் நியூயார்க் மத்திய நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய ஆறு வழக்குத் தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. படித்துத் தொழில் செய்பவர்களுக்கே இது நடக்கிறது என்றால் பதினைந்து வயதுப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அப்படி ஒரு மேற்கோளைக் கையில் எடுத்துக்கொண்டு "இந்தக் கட்டுரை எங்கே கிடைக்கும்?" என்று மாணவர் நூலக மேசைக்கு வரும் அந்த நிமிடம், நூலகரின் கைத்திறன் முழுவதும் வெளிப்படும் நிமிடம்.

போலி மேற்கோள் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். ஆசிரியர் உண்மையான ஆய்வாளர், ஆய்விதழும் உண்மையானது, ஆண்டும் பொருந்தும். அதனால் பெயரைத் தேடினால் "இருக்கிறார்" என்றுதான் வரும். மாணவர் அங்கேயே நின்றுவிடுவார். நூலகர் அடுத்த படிக்குக் கூட்டிப்போகிறார். அந்த இதழின் தளத்தில் குறிப்பிட்ட தொகுதியையும் எண்ணையும் திறக்கச் சொல்கிறார். பொருளடக்கத்தில் அந்தத் தலைப்பு இல்லை. மேற்கோளில் இருக்கும் பக்க எண்களில் வேறொருவர் எழுதிய வேறொரு கட்டுரை இருக்கிறது. கொடுத்திருக்கும் டிஓஐ எண்ணை, அதாவது ஆய்வுக் கட்டுரைக்கு இணையத்தில் தரப்படும் நிலையான அடையாள எண்ணைப் போட்டால் ஒன்றும் திறப்பதில்லை, அல்லது சம்பந்தமே இல்லாத துறைக் கட்டுரை திறக்கிறது. "அப்போ இது பொய்யா?" என்று மாணவர் கேட்கும்போது அவருக்கு ஒரு தொழில்நுட்பத்தைப் பற்றிய உண்மை புரிந்துவிடுகிறது: அது கட்டுரையைத் தேடி எடுக்கவில்லை, மேற்கோள் எப்படி இருக்குமோ அப்படி ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறது.

தொகுதி, எண், பக்கம் என்பதெல்லாம் பட்டியலாக்கத்தில் நாம் காலங்காலமாகப் புழங்கும் விஷயங்கள். புதிய கருவி எதையும் நூலகர் இதற்காகக் கற்கவில்லை. பழைய அறிவுக்குப் புதிய தேவை வந்திருக்கிறது.

எதை எண்ணுகிறோம்

அச்சு நூலை மாணவர்கள் தொடுவது குறைந்துவிட்டது என்பது குஷிங்கில் நிர்வாகத்தின் வாதம். அந்த வாதத்துக்கு இரவல் பதிவேட்டைப் போல வாகான சான்று வேறில்லை. பெரும்பாலான பள்ளி நூலகங்களில் ஆண்டறிக்கையும் அதே எண்களை வைத்தே எழுதப்படுகிறது: இத்தனை நூல்கள், இத்தனை இரவல், இத்தனை பேர் வருகை. அந்த எண்கள் இறங்கத் தொடங்கியதும், நூலகரே தன் கையால் தனக்கு எதிரான சாட்சியத்தை ஆண்டுதோறும் சமர்ப்பிக்கிறார்.

இரவல் கணக்கை விடச் சொல்லவில்லை. கதை படிக்கும் பழக்கத்தை அளக்க அது இன்றும் தேவை. அதன் பக்கத்தில் இன்னொரு பதிவேடு வேண்டும். எந்த வகுப்பு, எந்த ஆசிரியர், எந்த ஒப்படைப்பு, நூலகர் எந்தக் கட்டத்தில் சேர்ந்தார், அதற்கு முன் மாணவர்களின் வேலை எப்படி இருந்தது, பின்னர் எப்படி ஆனது. இப்படி ஒரு வரியைக் கற்பனை செய்யுங்கள்: "ஒன்பதாம் வகுப்பு வரலாறு, இரண்டாம் வாரம் சேர்ந்தேன், முதல் வரைவில் பெரும்பாலோர் ஒரே தளத்தை மட்டும் ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள், இறுதி வரைவில் ஆதாரங்கள் பலவாயின, இரண்டு பேர் முதலில் எடுத்த ஆதாரத்தைக் காரணம் எழுதிக் கைவிட்டார்கள்." இதில் பெரிய புள்ளிவிவரம் எதுவும் இல்லை. முதல் வரைவும் இறுதி வரைவும் இரண்டு பிரதிகளாகக் கோப்பில் இருந்தால் போதும். நிதிக் குழுவில் யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.

நேரம் எங்கிருந்து வரும் என்பதுதான் உடனே எழும் கேள்வி, அதிலும் ஒற்றை ஆளாக நூலகத்தை நடத்துபவர்களுக்கு. பட்டியலாக்கத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கலாம். 2000-இல் நியூசிலாந்தில் பயன்பாட்டுக்கு வந்த கோஹா போன்ற கட்டற்ற நூலக மென்பொருள், நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்-ஐக் கொடுத்தால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் முதலிய பெரிய நூலகங்களின் பதிவை அப்படியே இறக்கிக்கொள்ளும். ஒவ்வொரு நூலுக்கும் புதிதாகக் குறிப்பு எழுதும் வேலை அதனால் வெகுவாகக் குறையும். இரவல் கொடுத்து வாங்கும் வேலையை மாணவர் குழுவிடம் முறைவைத்து ஒப்படைக்கலாம். எந்த நூலை வாங்குவது, எந்த உரிமத்தில் கையெழுத்திடுவது, எந்த மாணவரோடு உட்காருவது என்ற முடிவுகளை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடக் கூடாது.

எல்லா ஆசிரியர்களையும் ஒரே நேரத்தில் அணுகுவதில் பயன் இல்லை. ஆசிரியர் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினால் தலையாட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். போலி மேற்கோள்களால் ஏற்கெனவே தலைவலியில் இருக்கும் ஓர் ஆசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார். அவரைக் கண்டுபிடித்து, அவருடைய ஒரே ஓர் ஒப்படைப்பில், இரண்டாவது வாரத்தில் ஒரு பாட வேளை கேளுங்கள். அது முடிந்ததும் அடுத்த பருவத்துக்கு ஆறு வேளையை அவரே கேட்டால், அந்தக் கோரிக்கை ஆசிரியரின் கையெழுத்தோடு தலைமை ஆசிரியரின் மேசைக்குப் போகட்டும், அதன் பின்னால் அந்த இரண்டு வரைவுகளும் இணைப்பாக.